பழைய வாடிவீட்டின் ஈரச் சுவருக்குச் சீமெந்து பூசலாமா?

நுவரெலியாப் பக்கத்தில் பாழடைந்த பழைய வாடிவீடு ஒன்றைக் குத்தகைக்கு எடுக்கவிருக்கும் நண்பர், ஈரம் ஊறிய சுவர்களைக் கொத்திச் சீமெந்து பூசலாமா என்று கேட்டிருக்கிறார். தயவுசெய்து பூச வேண்டாம்.

ஆங்கிலேயர் காலத்துக் கல், செங்கல் சுவர்கள் பலவும் சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பப்பட்டவை. அவற்றின் அடியில் ஈரத்தடுப்பு இல்லாததால் நிலத்து ஈரம் சுவரில் ஏறி, சுண்ணாம்புப் பூச்சின் நுண்துளைகள் வழியாக ஆவியாகிவிடும். சீமெந்து அந்த வழியை அடைத்துவிட, ஈரம் இன்னும் மேலேறி, சுவருக்குள் செருகிய உத்திரங்களின் முனைகளை உளுக்கச் செய்யும். வெளியே வெள்ளையடித்துப் பளிச்சென்று நிற்கும் சுவரில், உத்திர முனையைச் சாவியால் குத்தினால் நனைந்த ரொட்டி போல உள்ளே இறங்கும். மனம் நோகும் காட்சி அது.

ஆகவே முதலில் கூரைத் தகரத்தையும் பீலிகளையும் சீர்செய்து, சுவரோரம் சரிந்து குவிந்த மண்ணை அகற்றிக் கான் வெட்டுங்கள். சுவர் மாதக்கணக்கில் உலர்ந்த பின்பே, மழை குறைந்த பெப்ரவரி, மார்ச்சில் சுண்ணாம்புப் பூச்சைத் தொடங்குங்கள். அது காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மெதுவாகவே இறுகுவதால், ஈரச்சாக்கு தொங்கவிட்டு வெயிலிலிருந்து காக்க வேண்டும்.

1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் பழமைக்கு எல்லையாக வைக்கும் 1815 மார்ச் 2ஆம் திகதிக்குப் பிந்திய கட்டடமானாலும், அதே சட்டத்தின்கீழ் அது பாதுகாக்கப்பட்ட சின்னமாகப் பிரகடனப்படுத்தப்பட்டிருக்கலாம். எனவே ஒரு கல்லை அசைப்பதற்கு முன்பே தொல்பொருள் திணைக்களத்தில் விசாரித்துவிடுங்கள்.