விளக்கைச் சுற்றும் பூச்சிக்கு என்னதான் வேண்டும்?

கேள்வி: மின்விசிறி நாள் முழுவதும் சுற்றுகிறது. ஓடிக்கொண்டே இருக்கும் இறக்கையில் தூசு எப்படி ஒட்டுகிறது? அது வீசும் காற்றிலேயே பறந்துபோக வேண்டாமா?

பதில்: விசிறியை நிறுத்திவிட்டு ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறிப் பாருங்கள். தூசு எல்லா இடத்திலும் ஒரே அளவில் படிந்திருக்காது. காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் முன்விளிம்பில் கறுப்பாகத் தடித்திருக்கும். பின்விளிம்புக்குப் போகப் போக மெலிந்துவிடும். எதிரே வரும் காற்று அந்த முன்விளிம்பில் இரண்டாகப் பிரிந்து வளைந்து போகிறது. அதில் மிதந்து வரும் தூசுக்கு அவ்வளவு சட்டென்று வளைய முடியாது. நேராக வந்து மோதுகிறது.

மோதியது ஏன் அங்கேயே தங்கிவிடுகிறது? இறக்கையின் பரப்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்று, இறக்கையோடு சேர்ந்தே சுற்றுகிறது. அதற்கு மேலே உள்ள காற்று சிறிது பின்தங்கும், அதற்கும் மேலே இருப்பது இன்னும் பின்தங்கும். பரப்போடு ஒட்டிக் கிடக்கும் நுண்துகள் அந்த மெல்லிய படலத்துக்குள் பதுங்கிவிடுவதால், விசிறி எத்தனை வேகமாக ஓடினாலும் அதன்மேல் காற்று படுவதே இல்லை என்று சொல்லலாம். மேசைத் தூசை வாயால் ஊதிப் பாருங்கள். பெரிய துகள்கள் பறக்கும். நுண்ணியவை அசைந்துகூடக் கொடுக்காது. துணியை எடுத்தே ஆக வேண்டும்.

வாசகர் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை. மோட்டாரின் வெப்பத்தால் அறை சிறிது சூடாகத்தான் செய்யும். வியர்வை விரைவில் ஆவியாவதால் நம் உடம்புதான் குளிர்கிறது. ஆளில்லாத அறையில் ஓடும் விசிறியால் யாருக்கும் பயனில்லை, அணைத்துவிடுங்கள்.

கேள்வி: தண்ணீரில் நெடுநேரம் கையை வைத்திருந்தால் விரல் நுனி சுருங்கிவிடுகிறதே, தோல் ஊறிப்போவதால்தானே? (கேட்டவர் ஏழாம் வகுப்பு மாணவி.)

பதில்: ஊறுவதுதான் காரணம் என்றால் முழங்கையும் முதுகும் சுருங்க வேண்டாமா, அம்மா? விரல்களிலும் உள்ளங்கை, உள்ளங்காலிலும்தானே சுருக்கம் தெரிகிறது! 1930களில் லூயிஸ், பிக்கரிங் என்ற இரண்டு பிரிட்டிஷ் மருத்துவர்கள் ஒரு விந்தையைக் கவனித்தார்கள். கைக்கு வரும் நரம்பு ஒன்று சேதமடைந்தவர்களுக்கு, அந்த நரம்பின் ஆளுகையில் இருக்கும் விரல்கள் மட்டும் தண்ணீரில் சுருங்கவில்லை. ஆக, இது நரம்பு மண்டலம் நடத்தும் வேலை. அதன் கட்டளைப்படி விரல் நுனியின் இரத்தக் குழாய்கள் இறுகுகின்றன. உள்ளே சதைப்பற்றின் கன அளவு குறைகிறது. மேல்தோல் மட்டும் பழைய அளவிலேயே இருப்பதால் மடிந்துபோகிறது.

இதனால் நமக்கு என்ன லாபம்? சுருங்கிய விரல்களால் ஈரமான கோலிக்குண்டுகளை விரைவாக எடுத்து மாற்ற முடிகிறது என்று 2013இல் இங்கிலாந்தின் நியூகாஸில் பல்கலைக்கழகத்தில் சோதித்துச் சொன்னார்கள். அடுத்த ஆண்டே வேறொரு குழு, எங்களுக்கு அப்படி ஒரு வேறுபாடும் தெரியவில்லை என்றது. வழக்கு இன்னும் நிலுவையில் இருக்கிறது.

கேள்வி: வெளிச்சத்தின்மேல் அவ்வளவு மோகம் கொண்ட விட்டில் பூச்சி, நிலவை நோக்கிப் பறந்து போகாமல் நம் வீட்டு விளக்கில் வந்து ஏன் விழுகிறது?

பதில்: மோகம் என்று சொன்னது நாம்தான். பூச்சியை யாரும் கேட்கவில்லை. அழிவைத் தேடிப் போகிறவனுக்கு உவமையாக அதைப் பிடித்து வைத்துக்கொண்டு, காலங்காலமாகப் பாவம் அதன் புத்தியைக் குறைசொல்லி வருகிறோம்.

நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வந்த விளக்கம் வேறு. பூச்சி நிலவை ஒரே கோணத்தில் வைத்துக்கொண்டு வழி பார்க்கிறது. விளக்கை நிலவென்று எண்ணி ஏமாந்து, சுருள் சுருளாக வந்து அதிலேயே முட்டுகிறது என்பார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு விளக்கடியில் நின்று, ஒரே ஒரு பூச்சியை மட்டும் குறிவைத்துப் பாருங்கள். சுருள் எங்கே இருக்கிறது? ஒன்று விளக்கைச் சுற்றிச் சுற்றி வரும். ஒன்று மேலே ஏறி, வேகம் இழந்து தொங்கும். இன்னொன்று விளக்குக்கு மேலே போன மாத்திரத்தில் தலைகுப்புறக் கவிழ்ந்து கீழே விழும்.

லண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட ஒரு குழு, இந்தக் கூத்தை அதிவேகக் கேமராக்களில் படம்பிடித்து 2024இல் முடிவை வெளியிட்டது. பூச்சி விளக்கை நோக்கி வரவில்லை. விளக்குக்கு முதுகைக் காட்டுகிறது! பறக்கும்போது எது மேல், எது கீழ் என்று தெரிய வேண்டும். அந்தச் சின்ன உடம்பு சட்சட்டென்று திரும்பும் வேகத்தில் புவியீர்ப்பை மட்டும் நம்பிப் பயனில்லை. இரவிலும் தரையைவிட வானம்தான் வெளிச்சம். எனவே வெளிச்சம் உள்ள பக்கம் முதுகு இருந்தால் போதும், நேராகப் பறக்கலாம். கோடிக்கணக்கான ஆண்டுகளாக இந்த ஏற்பாடு பிசகவில்லை. நாம் பக்கத்தில் ஒரு விளக்கை ஏற்றியதும் அதற்கு முதுகைச் சாய்க்கிறது, சாய்ந்தால் திரும்புகிறது, திரும்பினால் மறுபடி சாய்கிறது. அந்த வட்டத்திலிருந்து வெளியே வர முடியவில்லை.

இதற்கு அவர்கள் செய்த இன்னொரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. வெள்ளைத் துணியை மேலே விரித்து அதை ஒளிரச் செய்தபோது பூச்சிகள் அதன் அடியில் அமைதியாகப் பறந்து கடந்தன. வெளிச்சத்தைத் தரைப்பக்கம் விரித்தபோது தலைகீழாகப் புரண்டு விழுந்தன. எல்லாப் பூச்சிகளும் இப்படி இல்லை. அரளிச் செடியில் வளரும் பெரிய அந்துப்பூச்சி ஒன்று விளக்கை லட்சியமே செய்யாமல் போனது. பழ ஈயும் அப்படித்தான்.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வெளிவிளக்கின் ஒளி மேலே போகாதபடி மூடி போடுங்கள். வேண்டாத நேரத்தில் அணைத்துவிட்டால் இன்னும் நல்லது.

கேள்வி: உதிக்கும்போது முழுநிலவு அவ்வளவு பெரிதாகத் தெரிவது, பூமிக்கு நெருங்கி வருவதாலா?

பதில்: உண்மையில் அப்போது அது சிறிது தள்ளியிருக்கிறது. உச்சியில் இருக்கும் நிலவைவிட அடிவானத்து நிலவு, ஏறக்குறைய பூமியின் ஆரத்தின் அளவுக்கு, அதாவது 6,400 கி.மீ. வரை தொலைவில் இருக்கும். கையை நீட்டிச் சுண்டுவிரலால் மறைத்துப் பாருங்கள். இரண்டு வேளையிலும் ஒரே விரலுக்குள் முழுதாக அடங்கும். பெரிதாக்குவது மூளை. ஏன் பெரிதாக்குகிறது என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை.

கேள்வி: ஒருமுறை இடி விழுந்த இடத்தில் மறுபடி விழாது என்கிறார்களே?

பதில்: நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின்மேல் ஆண்டுக்குச் சுமார் 20 முறை மின்னல் பாய்கிறது. உயரமான இடத்தை அது திரும்பத் திரும்பத் தேடி வரும். மின்னலுக்கும் இடியோசைக்கும் நடுவே எண்ணுங்கள். மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். 30 வினாடிக்குள் ஓசை கேட்டுவிட்டால் வீட்டுக்குள் போய்விடுங்கள். மரத்தடி உதவாது. கடைசி இடியோசை கேட்டு அரை மணி நேரம் ஆன பிறகு வெளியே வாருங்கள்.