அரளியா, இட்லிப்பூவா?

கேள்வி: வீட்டு முன்சுவர் ஓரமாக 15 அடி நீளத்துக்குப் பூச்செடி வைக்கப் போகிறோம். நாள் முழுக்க வெயில் அடிக்கும் இடம். போர் தண்ணீரில் உப்பு உண்டு. என்றும் பசுமையாக இருந்து, அடிக்கடி பூக்கிற செடி கேட்டதற்கு நர்சரியில் அரளியைக் காட்டினார்கள். இட்லிப்பூ கேட்டால் ‘ஒட்டுச் செடி’ என்று இரண்டு மடங்கு விலை சொல்கிறார்கள். வீட்டில் 3 வயதுப் பேத்தி இருக்கிறாள். எதை வாங்கலாம்?

பதில்: வெயில், வறட்சி, உப்பு மூன்றையும் தாங்குவதில் அரளிக்கு ஈடு கிடையாது. நெடுஞ்சாலை நடுவில் லாரித் தண்ணீரை நம்பிப் பூத்துக் கிடப்பது அதுதான். ஆடு மாடு கூட வாய் வைக்காது, அவ்வளவு நஞ்சு. இலை, பூ, தண்டு, பால் எல்லாமே இதயத் துடிப்பைப் பாதிக்கும். இலை காய்ந்தாலும் நஞ்சு போகாது, எரித்தால் அந்தப் புகையும் ஆகாது. கையில் கிடைத்ததை வாயில் போடும் வயதில் குழந்தை இருக்கும் வீட்டுக்கு அரளி வேண்டவே வேண்டாம். மஞ்சள் அரளியும் அப்படித்தான்.

இட்லிப்பூவே வையுங்கள். சங்கப் பாட்டில் வெட்சி என்று வருகிற நம் மண்ணின் செடி அது. குச்சி நட்டோ பதியன் போட்டோதான் பெரும்பாலும் பெருக்குகிறார்கள். ஒட்டு என்ற பெயருக்காக இரண்டு மடங்கு கொடுக்காதீர்கள். 2 அடிக்கு ஒன்று என்றால் 8 செடி போதும்.

வாங்கும்போது பூவைப் பார்த்து மயங்க வேண்டாம். அடியிலிருந்தே நாலைந்து கிளை வந்திருக்கிறதா பாருங்கள். இலையைத் திருப்பி மாவுப்பூச்சி இருக்கிறதா பாருங்கள். எறும்பு ஊர்ந்தாலே சந்தேகப்படலாம். கவரின் ஓட்டை வழியே தடித்த வேர் வெளியே வந்து சுருண்டிருந்தால் நெடுநாள் தேங்கிய செடி, வேறு கேளுங்கள். செடியின் பெயரை எழுதி பில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, உப்புத் தண்ணீர். உங்கள் வீட்டில் இதுதான் பெரிய சிக்கல். இட்லிப்பூவுக்குச் சற்றுப் புளிப்பான, அதாவது அமிலத்தன்மையுள்ள மண் பிடிக்கும். உப்பும் சுண்ணாம்பும் ஏறினால் வேர் இரும்புச் சத்தை எடுக்க முடியாமல், நரம்பு மட்டும் பச்சையாக இருக்க, இளம் இலை மஞ்சளாகும். நோய் என்று நினைத்து மருந்து வாங்கிக் காசைக் கரைப்பவர்கள் அதிகம். உரக்கடையில் அன்னபேதி (இரும்புச் சத்து தரும் ஃபெரஸ் சல்பேட்) கேளுங்கள். லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டு, மாலையில் இலை மேல் தெளியுங்கள். குழியில் செம்மண்ணோடு தொழுவுரம் தாராளமாகப் போடுங்கள். மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்ற முடிந்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள், அதில் உப்பு இன்னும் கூடுதல்.

அப்புறம், பூக்கொத்து கிளை நுனியில்தான் வரும். ஒரு முறை பூத்து முடிந்ததும் நுனியை நறுக்கிவிடுங்கள். மொட்டு வரும் நேரத்தில் கத்தரி வைத்தால் அந்தச் சுற்றுப் பூ போய்விடும்.