கேரேஜ் கதவுக்கு அலங்காரம்: எப்போது காசு போடலாம்?

அந்தக் காலத்துக் குதிரைவண்டிக் கொட்டகைக் கதவு மாதிரி குறுக்குச் சட்டம், கறுப்புக் கீல், கைப்பிடி எல்லாம் வைத்து வரும் ‘கேரியேஜ் ஹவுஸ்’ கதவுகளைப் பற்றித்தான் இந்த முறை நிறையக் கேள்விகள். நியூஜெர்சியில் கேரேஜ் கதவு மாட்டுவதுதான் என் தொழில், தெரிந்ததைச் சொல்கிறேன்.

டாலஸ்: அண்ணா, பில்டர் போட்ட வெள்ளைக் கதவு நல்லாத்தான் இருக்கு. கேரியேஜ் ஹவுஸ் கதவு போட்டா வீட்டை விக்கும்போது போட்டதுக்கு மேலயே வரும்னு கடையில சொல்றாங்க. நம்பலாமா?

அவர்கள் சொல்வது ‘ரீமாடலிங்’ பத்திரிகை ஆண்டுதோறும் போடும் செலவு-மதிப்புக் கணக்கு. 2024-ல் கதவு மாற்ற 4,513 டாலர் செலவு, அதில் 193.9 சதவீதம் திரும்பும் என்று வந்தது. ஆனால் இந்த ‘திரும்பும்’ தொகை ரியல் எஸ்டேட் ஏஜெண்டுகளிடம் கேட்டுப் போட்ட மதிப்பீடு, ஒரே வீட்டைப் பழைய கதவோடும் புதுக் கதவோடும் விற்றுப் பார்த்தது இல்லை. அதோடு அது ஸ்டீல் கதவுக்கான கணக்கு, விலை உயர்ந்த மரக்கதவுக்கு அப்படியே பொருந்தாது. நசுங்கித் துருப்பிடித்த கதவை மாற்றினால் வீட்டு முகமே மாறும், நல்லா இருக்கிற கதவைக் கழற்றிவிட்டு அதே லாபத்தை எதிர்பார்க்க முடியாது. இன்னொன்று, பிளேனோ, ரிச்சர்ட்சன் பக்கம் நிறைய வீடுகளில் கேரேஜ் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சந்துப் பக்கம் பார்த்து இருக்கும். உங்கள் வீடும் அப்படி என்றால் அந்தக் காசை முன்வாசல் கதவுக்குப் போடுங்கள்.

மினியாபோலிஸ்: அசல் மரத்துல போடணும்னு ஆசை. ஊர்ல தாத்தா வீட்டுத் தேக்குக் கதவு இன்னும் அசையாம நிக்குதே, இங்க நிக்காதா?

ஆசை புரிகிறது, மரத்துக்கு இருக்கிற அழகு வேறு எதற்கும் வராது. ஆனால் ஊர்க் கதவு திண்ணைக் கூரைக்குள், நிலையில் கீல் போட்டுத் தொங்குகிறது. இங்கே அதே மரத்தை நாலைந்து துண்டாக்கி, மழையிலும் பனியிலும் நிறுத்தி, தினமும் தலைக்கு மேல் தூக்கப் போகிறீர்கள். சில வருஷத்துக்கு ஒருமுறை பூச்சு அடிக்க வேண்டும், கீழ்விளிம்பில் சாலை உப்புத் தண்ணீர் ஏறும். குளிருக்கும் ஆகாது: குளிரைத் தடுக்கும் திறனை ஆர் என்ற எண்ணால் சொல்வார்கள், எண் கூடினால் நல்லது. மரம் அங்குலத்துக்கு ஏறத்தாழ ஆர்-1 தான், பாலியூரிதேன் நுரை அடைத்த ரெண்டு அங்குல ஸ்டீல் கதவு ஆர்-18 அளவுக்குப் போகும்.

எடைதான் முக்கியமான விஷயம். 16 அடி மரக்கதவு ஸ்டீலைவிட ரொம்பக் கனம், அந்தக் கனத்துக்கு ஏற்ற ஸ்பிரிங் போட வேண்டும், இல்லாவிட்டால் ஓப்பனர் மோட்டார் சீக்கிரம் போய்விடும். இப்போது இருக்கிற கதவையே சோதிக்கலாம்: கதவு முழுசாக மூடியிருக்கும்போது ஓப்பனரில் தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுத்துவிட்டு, கையால் பாதி உயரத்துக்குத் தூக்கி மெல்லப் பிடியைத் தளர்த்துங்கள். அங்கேயே நின்றால் சரி. கீழே இறங்கினாலோ மேலே ஓடினாலோ ஸ்பிரிங் சரியில்லை. அதை நீங்களே முறுக்கிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், இறுக்கி முறுக்கி வைத்திருக்கும் அந்த டார்ஷன் ஸ்பிரிங் கையை உடைத்துவிடும்.

மரத் தோற்றம் வேண்டுமென்றால் ஸ்டீல் கதவின் மேல் காம்போசிட் (மரம் போலச் செய்த செயற்கைப் பலகை) சட்டம் ஒட்டியது வாங்குங்கள். நாலடி தள்ளி நின்றால் நல்லாவே ஏமாற்றும்.

எடிசன்: காந்தக் கீல், கைப்பிடி மட்டும் வாங்கி ஒட்டினா போதுமா?

ஸ்டீல் கதவு என்றால் போதும், செலவும் ரொம்பக் கம்மி. அலுமினியத்தில் ஒட்டாது. கைப்பிடி ரெண்டையும் நடுவில் ஜோடியாக, கீல்களை ரெண்டு ஓரத்திலும் வையுங்கள், நிஜமாகவே பக்கவாட்டில் திறக்கிற கதவுக்கு எங்கே இருக்குமோ அங்கே. சின்னச் சின்னக் கட்டமாகப் புடைத்திருக்கும் கதவில் இது எடுபடாது, நீளப் பலகைக் கதவில் நல்லா இருக்கும்.

டாம்பா: புயல் ஊருக்கு இந்த ஜன்னல் வைச்ச டிசைன் சரிவருமா?

வரும், ஆனால் முதலில் புயல் காற்றின் அழுத்தத்தைத் தாங்கும் என்று சோதித்துக் கொடுத்த அனுமதி, அப்புறம்தான் அழகு. 1992 ஆண்ட்ரூ புயலில் கேரேஜ் கதவு உள்ளே சாய்ந்து, காற்று புகுந்து, கூரையைக் கீழிருந்து தள்ளிய வீடுகள் நிறைய. அதன்பிறகுதான் ஃபுளோரிடா விதிகள் இறுகின. ஜன்னலோடு சேர்த்து அனுமதி எண் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். மாட்டிய பிறகு மேலே மரச்சட்டம் அறையாதீர்கள், சோதனை செய்தது அந்தச் சட்டம் இல்லாத கதவை.

சார்லட்: எச்.ஓ.ஏ. (வீட்டு உரிமையாளர் சங்கம்) அனுமதி வேணுமா?

பெரும்பாலும் வேண்டும். முன்பணம் கொடுப்பதற்கு முன்னாடியே நிறம், ஜன்னல் வடிவம் ரெண்டையும் எழுதி அனுப்பி வாங்கிவிடுங்கள்.

பிலடெல்பியா: ரெண்டு கொட்டேஷன் வந்திருக்கு. இன்சுலேஷனோட சாதாக் கதவு 2,200, காம்போசிட் ஒட்டினது 5,800. தெருவைப் பார்த்த டபுள் கேரேஜ். எது?

மூணாவதா ஒன்று கேளுங்கள்: அதே இன்சுலேஷன், ஸ்டீலிலேயே கேரியேஜ் டிசைன் அச்சடித்தது, மேல்வரிசையில் ஜன்னல். வீட்டு முகப்பில் பாதியே கேரேஜ் என்பதால் உங்களுக்கு அழகுக்குக் கொஞ்சம் செலவழிப்பது நியாயம்தான், ஆனால் தெருவிலிருந்து பார்க்கிறவர் கண்ணில் படுவது ஜன்னலும் நிறமும், அதற்கு 3,600 டாலர் கூடுதலாகத் தேவையில்லை. மிச்சத்தில் தகட்டைக் கவனியுங்கள், கேஜ் எண் குறையக் குறையத் தகடு தடிமன், அதனால் 27 கேஜைவிட 24 கேஜ் தடிமன், பந்து பட்டால் சீக்கிரம் நசுங்காது. ஸ்பிரிங்கும் கேளுங்கள். வழக்கமாக வருவது 10,000 முறை திறந்து மூடத்தான், தினம் நாலு முறை என்றால் ஏழு வருஷம் வரும். 20,000 முறை தாங்குவதைப் போடச் சொல்லிக் கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள்.