காலை சுகர் சரியாக இருக்கிறது, மூன்று மாத சராசரி ஏன் ஏறுகிறது?

கேள்வி: எனக்கு வயது 49. நான்கு வருடமாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மின் 500 இரண்டு வேளையும், கிளிமிபிரைடு 1 மி.கி. காலையிலும் சாப்பிடுகிறேன். மகன் வாங்கித் தந்த குளுக்கோமீட்டரில் தினமும் காலை வெறும் வயிற்றில் பார்க்கிறேன். 125-லிருந்து 140-க்குள்தான் வருகிறது. ஆனால் போன வாரம் எடுத்த எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 8.2! சாதத்தை மதியம் ஒரு வேளையாகக் குறைத்துவிட்டேன். காலையில் இரண்டு டம்ளர் கேழ்வரகுக் கஞ்சி, மாலையில் டீயும் பிஸ்கட்டும், இரவு நான்கு சப்பாத்தி. அடுத்தடுத்து இரண்டு முறை குத்திப் பார்த்தால் 128, 141 என்று வேறு வேறாகக் காட்டுகிறது. மீட்டர் பழுதா, லேப் தப்பா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: மீட்டரும் பழுதில்லை, லேபும் பெரும்பாலும் தப்பில்லை சகோதரி. நீங்கள் பார்க்கும் நேரம்தான் பிரச்சினை.

எச்பிஏ1சி 8.2 என்றால், கடந்த மூன்று மாதத்தில் உங்கள் ரத்தச் சர்க்கரையின் சராசரி சுமார் 189 இருந்திருக்கிறது என்று பொருள். விடிகாலையில் 135 இருக்கும் ஒருவருக்கு 189 சராசரி வர வேண்டுமானால், மற்ற நேரங்களில் பல மணி நேரம் 200-க்கு மேலே நின்றிருக்க வேண்டும். அது சாப்பாட்டுக்குப் பிறகுதான் நடக்கும். அந்த நேரத்தில் நீங்கள் ஒரு நாளும் குத்திப் பார்க்கவில்லை.

வாரத்துக்கு ஏழு ஸ்ட்ரிப் செலவழிக்கிறீர்கள். அதே ஏழு போதும், பங்கிடும் விதத்தை மாற்றுங்கள். ஒன்றை மட்டும் காலை வெறும் வயிற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மீதி ஆறும் மூன்று ஜோடி. ஒரு வேளை உணவைத் தேர்ந்தெடுத்து, சாப்பிட உட்காரும் முன் ஒன்று, முதல் வாய் வைத்ததிலிருந்து சரியாக இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று. சாப்பிட்டு முடித்த நேரத்திலிருந்து கணக்கிடுவதுதான் பலர் செய்யும் பிழை. அரை மணி நேரம் தள்ளிப் பார்த்தால் ஏற்றம் வடிந்துபோய், எண் நல்லதாகத் தெரியும். முதல் வாரம் காலை உணவு, அடுத்த வாரம் இரவு, அதற்கடுத்து மதியம். எண்ணோடு என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு என்பதையும் நோட்டில் எழுதுங்கள். வெறும் எண் வரிசையைப் பார்த்து மருத்துவரால் அதிகம் சொல்ல முடியாது.

பொதுவான இலக்கு: சாப்பாட்டுக்கு முன் 80 முதல் 130, இரண்டு மணி நேரம் கழித்து 180-க்குக் கீழே. முன்னும் பின்னும் உள்ள வித்தியாசம் 50-க்குள் இருந்தால் அந்தத் தட்டு உங்களுக்கு ஒத்துக்கொள்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். 80, 90 என்று ஏறினால் அந்த உணவின் அளவையோ வகையையோ மாற்ற வேண்டும்.

அந்த 128, 141 பற்றி. நல்ல மீட்டரிலும் லேப் முடிவிலிருந்து 15 சதவீதம் வரை ஏற இறங்கக் காட்டுவது ஏற்கப்பட்ட அளவுதான். உண்மையான அளவு 135 என்றால் இரண்டுமே சரி. அதற்கு மேல் வித்தியாசம் வந்தால் கையைப் பாருங்கள். மாம்பழம் நறுக்கிய விரலைக் கழுவாமல் குத்தினால் 100 கூட அதிகமாகக் காட்டும். சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்த பின் விரல் நுனியின் பக்கவாட்டில் குத்துங்கள். ஸ்பிரிட் தடவினால் அது காய்ந்த பிறகே குத்த வேண்டும். ரத்தம் வரவில்லை என்று விரலைப் பிதுக்காதீர்கள், திசுநீர் கலந்துவிடும். கையைக் கீழே தொங்கவிட்டு லேசாக நீவினால் போதும். ஸ்ட்ரிப் டப்பாவை அடுப்பங்கரையில் வைக்க வேண்டாம், ஃப்ரிட்ஜிலும் வேண்டாம். எடுத்தவுடன் மூடியை இறுக்கி மூடுங்கள். ஈரக்காற்று பட்ட ஸ்ட்ரிப் எதை வேண்டுமானாலும் காட்டும். ஊசியை வீட்டில் வேறு யாருக்கும் பயன்படுத்தாதீர்கள். மீட்டரை லேபோடு ஒப்பிட விரும்பினால் வெறும் வயிற்றில் ஒரே நேரத்தில் செய்யுங்கள், சாப்பிட்ட பிறகு விரல் ரத்தத்தில் நரம்பில் எடுப்பதைவிடச் சர்க்கரை கூடுதலாகவே இருக்கும்.

இனி உணவு. அரிசியை விட்டால் சர்க்கரை குறையும் என்று நம்பி நீங்கள் பட்டிருக்கும் பாடு வருத்தமளிக்கிறது. கணக்கைப் பாருங்கள். ஒரு சப்பாத்திக்கு 30 கிராம் கோதுமை மாவு என்றால் நான்குக்கு 120 கிராம். அதில் மாவுச்சத்து மட்டும் ஏறக்குறைய 80 கிராம். 300 கிராம் வெந்த சாதத்திலும் அதே அளவுதான். அதாவது இரவில் இரண்டு நடுத்தரக் கிண்ணம் சாதம் சாப்பிடுகிறீர்கள், பெயர் மட்டும் சப்பாத்தி. இரண்டு சப்பாத்தி போதும். குறையும் இடத்தை உருளைக்கிழங்கு குருமாவால் நிரப்பாமல், பருப்புக் கூட்டு, பனீர், முட்டை, மீன் இவற்றில் ஒன்றாலும் நிறைய காய்கறியாலும் நிரப்புங்கள். எட்டு மணிக்குள் சாப்பிட்டு முடித்துப் பதினைந்து நிமிடம் நடங்கள்.

கேழ்வரகு கெட்டதல்ல. ஆனால் நைசாக அரைத்த மாவைத் தண்ணீரில் காய்ச்சிக் குடிக்கும்போது மெல்லும் வேலையும் இல்லை, செரிக்கும் வேலையும் அதிகமில்லை. சர்க்கரை வேகமாக ரத்தத்தில் ஏறும். அதே கேழ்வரகை முருங்கைக்கீரையும் வெங்காயமும் சேர்த்து அடையாகத் தட்டி, சின்னதாக ஒன்றோ இரண்டோ, கூடவே ஒரு வேகவைத்த முட்டை அல்லது அரைக் கிண்ணம் சுண்டல் என்று மாற்றிப் பாருங்கள். ஒரு நாள் கஞ்சி குடித்து முன்னும் பின்னும் பாருங்கள், இன்னொரு நாள் அடை சாப்பிட்டுப் பாருங்கள். உங்கள் உடம்புக்கு எது ஏற்றது என்பதை அந்த நான்கு ஸ்ட்ரிப்புகளே சொல்லிவிடும்.

மதியச் சாதத்தை முழுவதும் விட வேண்டியதில்லை. 150 கிராம், அதாவது ஒரு நடுத்தரக் கிண்ணம். தட்டில் முதலில் பொரியலையும் கூட்டையும் பாதியாவது சாப்பிட்டுவிட்டுச் சாதத்துக்கு வாருங்கள். இந்த வரிசை மாற்றம் மட்டுமே ஏற்றத்தைக் கணிசமாகக் குறைக்கிறது. உருளை, சேப்பங்கிழங்கு, மரவள்ளி சமைக்கும் நாளில் அவற்றையும் சாதக் கணக்கில் சேருங்கள். டீக்கு பிஸ்கட்டுக்குப் பதில் ஒரு பிடி வறுத்த கடலை. கருப்பட்டியும் தேனும் சர்க்கரைதான்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. கிளிமிபிரைடு, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை. உணவை இப்படிக் குறைக்கும்போது மாத்திரை அதே அளவில் இருந்தால் முற்பகலில் சர்க்கரை தாழ்ந்துவிடலாம். ஆகவே மாற்றத்தைத் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்த வேண்டாம். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி வந்தால் உடனே குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் 15 கிராம் குளுக்கோஸ் அல்லது மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும்.

லேபில் சாப்பிட்ட பின் எடுக்கும் சோதனைக்குப் போகும் நாளில் மாத்திரையை வழக்கம்போல் போட்டு, வழக்கமான உணவையே சாப்பிடுங்கள். மாத்திரையைத் தவிர்த்துவிட்டுப் போனால் எண் வீணாக ஏறும். இரண்டு நாள் பத்தியம் இருந்துவிட்டுப் போனால் வீணாக இறங்கும். இரண்டும் உங்கள் மருந்தளவைத் தப்பாக முடிவு செய்ய வைக்கும். அடுத்த முறை ஹீமோகுளோபினும் பி12-உம் சேர்த்துப் பாருங்கள். இரும்புச்சத்துக் குறைவு எச்பிஏ1சியை உண்மையைவிடக் கூட்டிக் காட்டும். நீண்ட நாள் மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு பி12 குறைய வாய்ப்புண்டு, அதுவும் இந்த எண்ணைப் பாதிக்கும். பி12 குறைந்தாலும் உள்ளங்கால் மரத்துப்போகும், அதைச் சர்க்கரையால் மட்டும் என்று விட்டுவிடக் கூடாது.

மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சியை மறுபடி எடுங்கள். அதற்குள் இந்த உணவிலும் இரண்டு மணி நேர எண் தொடர்ந்து 180-ஐத் தாண்டினால் அது உங்கள் கட்டுப்பாட்டில் உள்ள குறை அல்ல, மருந்தை மாற்ற வேண்டிய கட்டம். நோட்டோடு போய் மருத்துவரைப் பாருங்கள். 300-க்கு மேல் இருந்து, வாந்தியோ வயிற்று வலியோ மூச்சிரைப்போ சேர்ந்தால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.