மூளை அழற்சியைக் குறைத்தால் மறதிநோய் குறையுமா? வாசகர் கேள்விகள்

கேள்வி: ரத்தநாள மறதிநோயில் மூளையில் அழற்சி ஏன் வருகிறது? கிருமித் தொற்றா?

தொற்று அல்ல. ஆண்டுக்கணக்கில் ரத்த அழுத்தம் உயர்ந்தே இருந்தால் மூளையின் நுண்ணிய நாளங்கள் தடித்து இறுகுகின்றன. அவற்றின் சுவர்களும் கசியத் தொடங்குகின்றன. மூளைக்குள் நுழையக் கூடாத ரத்தப் புரதங்கள் நுழைந்ததும், காவல் செல்களான மைக்ரோகிளியா கிளர்ந்தெழுகின்றன. அவை சுரக்கும் வேதிப்பொருள்கள் நரம்பிழைகளின் மயலின் உறையையும் சேர்த்துச் சிதைக்கின்றன. எம்ஆர்ஐ படத்தில் தெரியும் வெண்திட்டுகள் பெரும்பாலும் இந்தச் சேதத்தின் தடங்கள்தாம்.

கேள்வி: மாமியாருக்கு ரத்தப் பரிசோதனையில் சிஆர்பி (உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் புரதம்) அதிகம். மூளை அழற்சிதானே?

அப்படிச் சொல்ல முடியாது. ஈறு வீங்கினாலும் சிஆர்பி ஏறும்.

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது, ஒரு முறை பக்கவாதம் வந்தவர். அழற்சி குறையட்டும் என்று ஆறு மாதமாகத் தினமும் வலி நிவாரணி கொடுக்கிறேன். அளவைக் கூட்டலாமா?

கூட்டுவதா? முதலில் நிறுத்துங்கள். இரண்டு பக்கக் கடிதத்தில் மாத்திரையின் நிறம்கூட இருக்கிறது. அப்பாவின் ரத்த அழுத்தம் எவ்வளவு என்று ஒரு வரி இல்லை. எத்தனை முறை எழுதிவிட்டேன்! அழற்சியைக் குறைக்கும் வலி நிவாரணிகள் ரத்த அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், ஆஸ்பிரினோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவை உண்டாக்கும். எந்த நாளங்களைக் காப்பாற்ற நினைக்கிறீர்களோ, அவற்றையே இது தாக்குகிறது. பலனாவது உண்டா? மறதிநோயின் இன்னொரு வகையான அல்சைமரைத் தடுக்குமா என்று நாப்ராக்சென், செலிகாக்சிப் என்ற இத்தகைய வலி நிவாரணிகள் இரண்டையும் முதியவர்களிடம் சோதித்தார்கள். 2004இல் மருந்து கொடுப்பதையே நிறுத்த நேர்ந்தது, மறதிநோயும் தடுக்கப்படவில்லை.

அழற்சி என்பது புகை. நெருப்பு நாளத்தில் இருக்கிறது. 2019இல் வெளியான ஸ்பிரிண்ட் மைண்ட் ஆய்வில் 9,000க்கும் மேற்பட்டோர். மேல் அழுத்தத்தை 120க்குக் கீழே கொண்டுவர முயன்றவர்களுக்கு, 140க்குக் கீழே போதும் என்று விடப்பட்டவர்களைவிட மறதிநோய்க்கு முந்தைய கட்டமாகக் கருதப்படும் லேசான அறிவாற்றல் குறைபாடு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. முழு மறதிநோய் குறைந்ததாக உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்பதையும் மறைக்க மாட்டேன். பக்கவாதத்துக்குப் பின் அப்பாவுக்கு எந்த இலக்கு ஏற்றது என்பதை அவருடைய மருத்துவர் முடிவு செய்யட்டும். ஒரு வாரம் காலையும் மாலையும் அளந்து, எழுதி எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர் ஆஸ்பிரின் எழுதியிருந்தால், அதை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கேள்வி: மினோசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மருந்து மைக்ரோகிளியாவை அடக்குமாமே?

விலங்குகளில் அடக்கியது. லேசான அல்சைமர் நோயாளிகள் 500க்கும் மேற்பட்டோருக்கு இரண்டாண்டு கொடுத்தும் நோயின் வேகம் குறையவில்லை.

கேள்வி: அம்மாவுக்கு இரண்டே நாளில் குழப்பம் முற்றிவிட்டது. பகலெல்லாம் தூங்குகிறார். நோய் அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டதா?

இதற்குக் கடிதம் எழுதிக் காத்திருக்கக் கூடாது. இன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். பக்கவாதமாக இருக்கலாம், சிறுநீர்த் தொற்று, நிமோனியா, நீரிழப்பு ஆகியவற்றால் வரும் டெலிரியமாகவும் (திடீர் மனக்குழப்பம்) இருக்கலாம். உடலில் எங்கோ எழும் அழற்சி, ஏற்கெனவே நலிந்த மூளையை இப்படித்தான் உலுக்குகிறது. காரணத்தைச் சீக்கிரம் கவனித்தால் பலர் தேறிவிடுகிறார்கள்.

கேள்வி: நம்பிக்கை தரும் மருந்து ஒன்றுமே இல்லையா?

சிலோஸ்டசோல், ஐசோசார்பைடு மோனோநைட்ரேட் இரண்டும் நாளங்களின் உட்சுவரைக் காக்கக்கூடும் என்று நினைக்கிறார்கள். நுண்நாளப் பக்கவாதம் வந்த சுமார் 360 பேரிடம் நடந்த லாசி-2 ஆய்வு 2023இல் வெளியானது. நல்ல அறிகுறிகள் தெரிந்தன. ஆனால் ஆய்வு சிறியது. இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு சிலோஸ்டசோல் கூடவே கூடாது; கடையில் நீங்களாகக் கேட்டு வாங்கிவிடாதீர்கள்.