முப்பதாவது லைன் படுத்தும் பாடு: ஸ்டிமுலஸ் சீசன் கேள்வி-பதில்

இந்த 2021ஆம் வருஷம் ஐஆர்எஸ் (அமெரிக்க வருமான வரித் துறை) ரிட்டர்ன் வாங்க ஆரம்பித்ததே பிப்ரவரி 12ஆம் தேதிதான். ஒரு மாதம்கூட ஆகவில்லை, மார்ச் 11ஆம் தேதி புதுச் சட்டம் கையெழுத்தாகி, ஏற்கெனவே ஃபைல் பண்ணி முடித்த 2020 ரிட்டர்ன்களின் கணக்கையும் சேர்த்து மாற்றிவிட்டார்கள். அடுத்த ஆறே நாளில் கடைசித் தேதி மே 17க்குத் தள்ளிப்போனது. அமெரிக்காவில் டாக்ஸ் ஆபீஸ் வைத்திருக்கும் நம் ஆட்கள் அனுப்பிய கேள்விகளும், கிளையன்டுகளே நேரடியாகக் கேட்டவையும் நிறையச் சேர்ந்துவிட்டன. எல்லாவற்றுக்கும் தனித்தனியாக எழுத நேரமில்லை, அதனால் மொத்தமாக இங்கே. இது 2021 ஏப்ரல் இரண்டாம் வார நிலவரம், பிற்பாடு படிப்பவர்கள் இந்தத் தொகைகளும் கெடுக்களும் அந்த வருஷத்துக்கானவை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு விஷயம். கொரோனா காலத்தில் அமெரிக்க அரசு கொடுத்த நிவாரணப் பணம், அதாவது ஸ்டிமுலஸ், மூன்று தவணையாக வந்தது. முதலாவது 2020 மார்ச் 27 சட்டப்படி: பெரியவருக்கு 1,200 டாலர், 17 வயது நிரம்பாத குழந்தைக்கு 500. இரண்டாவது 2020 டிசம்பர் 27 சட்டப்படி: இருவருக்கும் தலைக்கு 600. மூன்றாவது இப்போது வந்துகொண்டிருக்கும் 1,400. முதல் இரண்டும் 2020 ரிட்டர்னோடு சேர்ந்தவை. மூன்றாவது 2021 ரிட்டர்னின் முன்பணம். வந்திருக்கும் குழப்பத்தில் பாதி இதை மாற்றிப் போடுவதால்தான்.

சார், எவ்வளவு வந்தது என்று கிளையன்டைக் கேட்டால் "ஏதோ வந்த மாதிரி ஞாபகம்" என்கிறார். 30ஆம் லைனில் என்ன போடுவது? (எடிசனில் இருந்து ஒரு பிரிப்பேரர், அதாவது மற்றவர்களுக்கு ரிட்டர்ன் போட்டுக்கொடுப்பவர்)

ஞாபகத்தை வைத்து எதுவும் போடாதீர்கள். 1040 ரிட்டர்ன் படிவத்தின் 30ஆம் லைன் என்பது, வந்திருக்க வேண்டிய பணத்துக்கும் உண்மையில் வந்த பணத்துக்கும் உள்ள வித்தியாசம், அவ்வளவுதான். அந்த 'உண்மையில் வந்தது' ஐஆர்எஸ் கம்ப்யூட்டரில் பைசா சுத்தமாக இருக்கிறது. நீங்கள் போட்டது அதோடு ஒத்துப்போகாவிட்டால் ரிட்டர்ன் ரிஜெக்ட் ஆகாது, அது இன்னும் மோசம்: தனியாக எடுத்துவைத்து ஒரு ஆள் உட்கார்ந்து திருத்தும் வரை மொத்த ரீஃபண்டும் நிற்கும். அப்புறம் சிபி11, சிபி12 என்று ஏதாவது ஒரு கடிதம் வரும். அவர்கள் கணக்கு தப்பு என்று தோன்றினால் 60 நாளுக்குள் எழுதிக் கேட்க வேண்டும், விட்டால் அதுதான் கணக்கு.

முதல் தவணைக்கு நோட்டீஸ் 1444, இரண்டாவதுக்கு 1444-பி என்று ஆளுக்கொரு கடிதம் போயிருக்கும். பத்தில் ஒருவர்கூட அதை வைத்திருக்க மாட்டார், வெள்ளை மாளிகை லெட்டர் மாதிரி இருந்ததால் விளம்பரம் என்று தூக்கிப் போட்டிருப்பார்கள். அதனால் ஐஆர்எஸ் தளத்தில் கிளையன்டின் சொந்த அக்கவுண்டைத் திறக்கச் சொல்லுங்கள், தொகை அங்கே இருக்கும். இங்கே ஒரு பள்ளம்: ஜாயிண்டாக ஃபைல் பண்ணிய தம்பதிக்கு வந்த தொகையைச் சரிபாதியாகப் பிரித்து இருவர் கணக்கிலும் காட்டும். கணவர் மட்டும் லாகின் பண்ணிப் பார்த்துவிட்டு "எங்களுக்கு 1,200தான் வந்தது" என்று சொன்னால், நீங்கள் இன்னொரு 1,200 கேட்டுப் போடுவீர்கள், கடிதம் வரும். மனைவியையும் தனியாக லாகின் பண்ணச் சொல்லுங்கள். கிளையன்டிடம் 8821 (அவர் கணக்கைப் பார்க்க அனுமதிக்கும் படிவம்) வாங்கி நீங்களே டிரான்ஸ்கிரிப்ட் (ஐஆர்எஸ் பதிவின் நகல்) எடுக்கலாம், ஆனால் இந்தக் கூட்டத்தில் அதற்குக் காத்திருக்க முடியாது.

"வரவே இல்லை" என்று சத்தியம் பண்ணுகிறவர்களிடம் இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள். சாதாரண வெள்ளைக் கவரில் மெட்டாபேங்க் பெயர் போட்ட டெபிட் கார்டு ஏதும் வந்ததா? பலர் அதை மோசடி என்று நினைத்து வெட்டிப்போட்டுவிட்டார்கள். போன வருஷம் ஃபீஸை ரீஃபண்டில் கழித்துக்கொள்ளச் சொன்னாரா? அப்படியென்றால் ஐஆர்எஸ் கையில் இருந்தது, ஃபீஸைக் கழிப்பதற்காகத் திறந்த தற்காலிக பேங்க் கணக்கின் நம்பர். ஜனவரியில் இரண்டாவது தவணை நிறையப் பேருக்கு அங்கேதான் போய் முட்டிக்கொண்டது. ஐஆர்எஸ் அனுப்பியதாகப் பதிவு இருந்து பணம் கைக்கு வராவிட்டால் வழி 3911 படிவம் போட்டுத் தேடச் சொல்வது. 30ஆம் லைனில் போட்டுப் பார்ப்போம் என்று போடுவது வழியில்லை.

இரண்டாவது தவணை ஜனவரியில் வந்திருந்தாலும் அது 2020 கணக்குதான். மார்ச்சில் வந்த 1,400ஐ இதில் கழிக்காதீர்கள்.

நான் எச்-1பி (வேலை விசா), மனைவி எச்-4 (துணைவர் விசா), அவருக்கு சோஷியல் செக்யூரிட்டி நம்பருக்குப் பதில் வரிக்காகக் கொடுக்கும் ஐடின் நம்பர்தான். மகன் இங்கே பிறந்தவன். போன வருஷம் எங்களுக்கு ஒரு பைசா வரவில்லை. பிரிப்பேரர் "உங்களுக்குக் கிடையாது" என்று முடித்துவிட்டார். உண்மையா? (டாலஸ்)

போன வருஷம் உண்மை, இப்போது இல்லை. முதல் சட்டத்தில், ஜாயிண்ட் ரிட்டர்னில் ஒருவருக்கு சோஷியல் செக்யூரிட்டி நம்பர் (எஸ்எஸ்என்) இல்லை என்றால் (ராணுவக் குடும்பம் தவிர) மொத்தக் குடும்பத்துக்கும் பூஜ்யம். வரி கட்டுகிற ஆளுக்கும் இல்லை, அமெரிக்கக் குடிமகனான குழந்தைக்கும் இல்லை. அநியாயம்தான். டிசம்பர் 27 சட்டம் இதை முன்தேதியிட்டே சரிசெய்துவிட்டது. உங்கள் பிரிப்பேரர் 2020 மே மாதம் படித்த விதியிலேயே நிற்கிறார் போலிருக்கிறது.

உங்கள் கணக்கு: முதல் தவணையில் உங்களுக்கு 1,200, மகனுக்கு 500. இரண்டாவதில் 600ம் 600ம். மொத்தம் 2,900 டாலர். எதுவுமே வரவில்லை என்பதால் முழுவதையும் 2020 ரிட்டர்னில் 30ஆம் லைனில் கேட்கலாம். மனைவிக்கு மட்டும் கிடையாது. மூன்றாவது தவணையில் உங்களுக்கும் மகனுக்கும் சேர்த்து 2,800 தானாக வர வேண்டும்.

ஆனால் வருமானத்தைப் பாருங்கள். ஜாயிண்டில் 1,50,000 டாலருக்கு மேல் ஒவ்வொரு 100 டாலருக்கும் 5 டாலர் குறையும், இரண்டு தவணையிலும் தனித்தனியாக. உங்கள் ஏஜிஐ (ரிட்டர்னில் சில கழிவுகள் போக வரும் வருமானம்) 1,70,000 என்று வைத்துக்கொண்டால் இரண்டிலும் ஆயிரம் ஆயிரமாகப் போய் 700ம் 200ம்தான் மிஞ்சும். மூன்றாவது தவணை இன்னும் கறார், 1,60,000 தாண்டினால் ஒன்றுமில்லை.

இன்னொன்று: மனைவிக்கு இஏடி (வேலை பார்க்கும் அனுமதி அட்டை) வந்து, வேலை பார்க்கத் தகுதியுள்ள எஸ்எஸ்என் இந்த ரிட்டர்னின் கடைசித் தேதிக்குள் கையில் கிடைத்துவிட்டால் அவரும் சேருவார். எக்ஸ்டென்ஷன் (கூடுதல் அவகாசம்) போட்டிருந்தால் அந்தத் தேதி வரை. இஏடி வரப்போகிறது என்று தெரிந்தால் அவசரப்பட்டு அனுப்பாதீர்கள். ஐடின் வைத்திருக்கும் எச்-4 குழந்தைகளுக்கு எந்தத் தவணையிலும் கிடையாது.

அண்ணா, பிப்ரவரியிலேயே நாற்பது ரிட்டர்ன் அனுப்பிவிட்டேன், அதில் பாதிப் பேர் வேலையில்லாப் படி வாங்கியவர்கள். எல்லாவற்றையும் அமெண்ட் பண்ண (திருத்தி அனுப்ப) வேண்டுமா? ஒரு கிளையன்ட் தினமும் போன் பண்ணுகிறார். (நியூ ஜெர்சி)

வேண்டாம், கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். ஏஜிஐ 1,50,000க்குக் கீழே இருந்தால் வேலையில்லாப் படியில் ஆளுக்கு 10,200 டாலர் வரை வரி இல்லை என்பது மார்ச் 11 சட்டம். அதற்கு முன்னால் அனுப்பிய ரிட்டர்ன்களைத் தாங்களே திரும்பக் கணக்குப் போட்டு மே மாதத்தில் இருந்து ரீஃபண்ட் அனுப்புவதாக ஐஆர்எஸ் சொல்லிவிட்டது. இப்போது 1040-எக்ஸ் (திருத்த ரிட்டர்ன்) அனுப்பினால் இரண்டும் மோதிக்கொண்டு இன்னும் தாமதமாகும்.

விதிவிலக்கு ஒன்றுண்டு. வருமானம் குறைந்ததால், முதலில் கேட்கவே கேட்காத ஒரு கிரெடிட்டுக்கு (வரிச் சலுகைக்கு) புதிதாகத் தகுதி வந்திருந்தால் (குறைந்த வருமானத்தில் உழைப்பவர்களுக்கான ஏர்ண்ட் இன்கம் கிரெடிட்டில் இது நடக்கும்) அதை நீங்கள்தான் அமெண்ட் பண்ணிக் கேட்க வேண்டும். நாற்பதையும் புரட்ட வேண்டாம், குழந்தை உள்ள குறைந்த வருமானக்காரர்களின் ஃபைலை மட்டும் எடுத்துப் பாருங்கள்.

இனிமேல் அனுப்பும் ரிட்டர்னில் கவனிக்க வேண்டியது: 10,200 என்பது ஆளுக்கு. கணவர் 18,000 வாங்கி மனைவி 4,000 வாங்கியிருந்தால் கழிவு 10,200ம் 4,000ம்தான், மனைவி பயன்படுத்தாத மிச்சத்தைக் கணவருக்குக் கொடுக்க முடியாது. 1,50,000 வரம்பு சிங்கிளுக்கும் ஜாயிண்டுக்கும் ஒன்றேதான், அந்தத் தொகையைத் தொட்டாலே மொத்தக் கழிவும் போச்சு. மாநில ரிட்டர்ன் தனிக் கதை. நியூ ஜெர்சி, கலிபோர்னியா, பென்சில்வேனியா மூன்றிலும் இந்தப் படிக்கு எப்போதுமே மாநில வரி கிடையாது. மற்ற மாநிலங்களில் கிளையன்ட் இருந்தால் அந்த மாநிலத் தளத்தைப் பார்க்காமல் சாஃப்ட்வேரை நம்பி அனுப்பாதீர்கள்.

தினமும் போன் பண்ணுகிறவருக்கு ஒரு மெயில் எழுதி, அதையே மற்ற எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். போனில் விளக்கிக்கொண்டிருந்தால் மே 17க்குள் முடிக்க மாட்டீர்கள்.

2019ல் எங்கள் வருமானம் 1,40,000. 2020ல் போனஸ் வந்து 1,75,000. 2020 ரிட்டர்னை மெதுவாக அனுப்பினால் மூன்றாவது தவணை கிடைக்கும் என்று நண்பர் சொல்கிறார். இது தப்பில்லையா?

தப்பில்லை. 2020 ரிட்டர்ன் ஐஆர்எஸ் கணக்கில் ஏறாதவரை 2019ஐத்தான் பார்ப்பார்கள், சட்டமே அப்படி எழுதப்பட்டிருக்கிறது. நாலு பேர் குடும்பமென்றால் 5,600 டாலர். பிறகு 2020 வருமானம் தெரிந்தாலும் திருப்பிக் கேட்க மாட்டார்கள். பணம் பேங்கில் வந்துவிட்டதா பாருங்கள், வந்திருந்தால் இன்றே ஃபைல் பண்ணுங்கள்.

உங்களுக்கு நேர்மாறாக, 2020ல் வேலை போய் வருமானம் குறைந்தவர்கள் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. ரிட்டர்ன் பிராசஸ் ஆனதும் மீதித்தொகை தனியாக வரும், ஆனால் அதற்கான கணக்கு ஆகஸ்ட் 15ஐ ஒட்டி மூடிவிடும், அதன்பின் 2021 ரிட்டர்ன் வரை காத்திருக்க வேண்டும். வரி கட்ட வேண்டியவர்களுக்கு ஒன்று: எக்ஸ்டென்ஷன் கேட்கும் 4868 படிவம் போட்டால் ஃபைல் பண்ணத்தான் அக்டோபர் 15 வரை நேரம், பணம் மே 17க்குள் போயாக வேண்டும்.

எஃப்-1 மாணவன் நான். வந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஏதோ ஒரு சாஃப்ட்வேரில் ஃபைல் பண்ணினேன், 1,200 டாலர் அக்கவுண்டில் வந்துவிட்டது. வைத்துக்கொள்ளலாமா?

கூடாது தம்பி. முதல் ஐந்து காலண்டர் வருஷம் வரிக் கணக்கில் நீங்கள் நான்-ரெசிடென்ட் (உள்ளூர்வாசி அல்லாதவர்), போட வேண்டியது அவர்களுக்கான 1040-என்ஆர். சாதாரண 1040ல் போனதால் கம்ப்யூட்டர் உங்களை உள்ளூர்க்காரர் என்று நினைத்து அனுப்பிவிட்டது. இரண்டு வேலை இருக்கிறது. ரிட்டர்னை 1040-எக்ஸ் வழியாகத் திருத்துங்கள் (இந்திய மாணவர்களுக்கு இந்தியா-அமெரிக்கா வரி ஒப்பந்தப்படி ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் எனும் நிலையான கழிவு உண்டு, அதை விட்டுவிடாதீர்கள்). பணத்தை "யு.எஸ். டிரெஷரி" பெயரில் செக் எழுதி, 2020 இஐபி (ஸ்டிமுலஸ் பணத்துக்கு ஐஆர்எஸ் வைத்த பெயரின் சுருக்கம்) என்றும் உங்கள் எஸ்எஸ்என்னும் குறித்து, ஏன் திருப்புகிறீர்கள் என்று இரண்டு வரி எழுதி, உங்கள் மாநிலத்துக்கான ஐஆர்எஸ் முகவரிக்கு அனுப்புங்கள். நாளைக்கு கிரீன் கார்டு என்று போகும்போது பழைய ரிட்டர்ன்களை எடுத்துப் பார்ப்பார்கள். 1,200 டாலருக்காக அந்தக் கவலையைச் சுமக்க வேண்டாம்.

போன அக்டோபரில் எஃப்-1ல் இருந்து எச்-1பிக்கு மாறியவர்களும் இதையே கேட்கிறார்கள். அக்டோபர் 1 முதல் டிசம்பர் 31 வரை 92 நாள்தான், ரெசிடென்ட் ஆகத் தேவையான 183 ஆகவில்லை. ஐந்து வருஷம் முடியாதவர்களுக்கு 2020 பெரும்பாலும் நான்-ரெசிடென்ட் வருஷம்தான், 30ஆம் லைன் இல்லை. 2021 முழுக்க இங்கே இருந்தால் மூன்றாவது தவணையை அந்த ரிட்டர்னில் கேட்கலாம்.

மகள் காலேஜில் படிக்கிறாள், வயது 19. அவளை டிபென்டென்டாக (என்னைச் சார்ந்திருப்பவளாக) என் ரிட்டர்னில் காட்டாமல் விட்டால் அவளே 1,800 டாலர் வாங்கலாமாமே?

நீங்கள் காட்டினீர்களா என்பது கேள்வியே இல்லை, காட்ட *முடியுமா* என்பதுதான் கேள்வி. முழுநேர மாணவி, 24க்குக் கீழே, பாதிக்கு மேல் தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ளவில்லை என்றால் அவள் டிபென்டென்ட்தான், அவளுக்கு 30ஆம் லைன் கிடையாது. காட்டாமல் விட்டால் உங்களுக்கு 500 டாலர் கிரெடிட் போகும், படிப்புக்கான கிரெடிட்டும் போகும். மூன்றாவது தவணையில் வயது வரம்பே இல்லை, அவளுக்கான 1,400 உங்களுக்கு வரும்.

30ஆம் லைனைக் காலியாக விட்டு அனுப்பிவிட்டேன். ஐஆர்எஸ் தானே போட்டுக்கொள்ளுமா?

தப்பான தொகை போட்டிருந்தால் அவர்களே திருத்துவார்கள், அதற்கு அமெண்ட் வேண்டாம். காலியாகவோ பூஜ்யமாகவோ விட்டிருந்தால் தொடமாட்டார்கள், 1040-எக்ஸ் போட வேண்டும்.

மார்க்கெட்பிளேஸ் (அரசுத் தளம் வழியாக வாங்கும்) ஹெல்த் இன்ஷூரன்ஸ் மானியம் அதிகமாக வாங்கியவர்கள் அதற்கான 8962 படிவத்தில் திருப்பிக் கட்ட வேண்டுமா?

2020க்கு மட்டும் வேண்டாம். போன வாரம், ஏப்ரல் 9ஆம் தேதி, அதிகமாக வாங்கியவர்கள் 8962ஐ இணைக்கவே தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள். கூடுதலாக வர வேண்டியவர்கள் மட்டும் இணைக்க வேண்டும்.

எல்லாமே மே 17 என்றால், என் பிசினஸ் கிளையன்டின் எஸ்டிமேட்டட் டாக்ஸும் (காலாண்டுதோறும் முன்கூட்டிக் கட்டும் வரி) மே 17தானே?

இல்லை! 2021 முதல் காலாண்டுத் தவணை பழையபடி ஏப்ரல் 15, அதாவது இந்த வாரம். ஐஆர்ஏ (ஓய்வுக்காலச் சேமிப்பு), எச்எஸ்ஏ (மருத்துவச் செலவுச் சேமிப்பு) கணக்குகளில் பணம் போடும் கெடு மே 17க்குப் போனது, இது மட்டும் போகவில்லை. இதைப் படித்ததும் முதலில் அந்தக் கிளையன்டுக்குப் போன் போடுங்கள்.