கொம்பு சுருங்கியதா, அளந்த விதம் மாறியதா?

அல்சூர் வாசகர் ஒருவரின் கேள்வி: "தாத்தா காலத்துக் காட்டுமாட்டுத் தலை ஒன்று எங்கள் கூடத்துச் சுவரில் இருக்கிறது. உரிமைச் சான்றிதழில் கொம்பின் நீளம் 28 அங்குலம். இப்போது அளந்தால் 26½. அடியில் இடைவெளியும் விட்டிருக்கிறது. காய்ந்து சுருங்கிவிட்டதா? அதிகாரிகள் கேட்டால் என்ன சொல்வது?"

உலர்ந்ததால் மட்டும் ஒன்றரை அங்குலம் போயிருக்காது. மாட்டுக் கொம்பில் உள்ளே எலும்பு, வெளியே கெராட்டின் (நம் நகத்தில் இருக்கும் அதே பொருள்) உறை. புதிதில் இரண்டிலும் ஈரம் இருக்கும். அது வற்றும்போது கொம்பு சுருங்கும். வேட்டை விலங்குகளின் கொம்பு அளவுகளைப் பதிவு செய்யும் அமெரிக்காவின் பூன் அண்ட் கிராக்கெட் கிளப் 60 நாள் உலர்ந்த பிறகே அளவெடுப்பது இதனால்தான். ஆனால் கெராட்டின் இழைகள் நீளவாக்கில் ஓடுவதால், குறைவது பெரும்பாலும் அடிச்சுற்றளவு, நீளம் கொஞ்சம்தான். அதுவும் ஆரம்ப மாதங்களிலேயே முடிந்துவிடும்.

நான் முதலில் சந்தேகப்படுவது டேப்பை. துணி டேப் வேண்டாம். மெல்லிய ஸ்டீல் டேப்பை வெளிவளைவை ஒட்டி, அடி விளிம்பிலிருந்து நுனிவரை பிடியுங்கள். வளைவை விட்டு நேராக இழுத்தாலே அங்குலங்கள் குறையும். பிறகு அடி விளிம்பைப் பாருங்கள். பழுதுபார்த்தவர்கள் பூசிய பிளாஸ்டரும் பெயின்டும் கொம்பின் அடியை மறைத்திருக்கலாம். நுனி தேய்ந்தோ உடைந்தோ இருக்கிறதா என்றும் கவனியுங்கள்.

இடைவெளிக்கு ஈரப்பதம் காரணமாக இருக்கலாம். பெங்களூரின் மார்ச் வறட்சியில் உறை சுருங்கும், மழைக்காலத்தில் உப்பும். உள்ளிருக்கும் எலும்பும் பிளாஸ்டரும் அதே அளவுக்கு அசையாததால் பிடிப்பு தளர்கிறது. வெயில் படாத சுவருக்கு மாற்றுங்கள். எண்ணெய் தடவாதீர்கள், எபாக்சி பசை போட்டு அடைக்காதீர்கள். அடைத்தால் அடுத்த கோடையில் உறையே வெடிக்கலாம். இன்னொன்று, தயவுசெய்து கேளுங்கள்: அக்காலத்தில் பாடம் செய்த தோல்களில் பூச்சி அரிக்காமலிருக்க ஆர்சனிக் பூசுவது வழக்கம். கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் தொடாதீர்கள், குழந்தைகளை அருகில் விடாதீர்கள்.

அளவை விட எனக்குக் கவலை தருவது சான்றிதழ் யார் பெயரில் இருக்கிறது என்பதுதான். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, இப்படிப்பட்ட பொருள் வாரிசுக்கு வந்தால் 90 நாட்களுக்குள் தலைமை வனவிலங்குக் காப்பாளருக்குத் தெரிவிக்க வேண்டும். விற்கவே கூடாது. இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்தால், வக்கீல் ஒருவரைக் கலந்துகொண்டு மல்லேஸ்வரத்தில் வனத்துறைத் தலைமையகமான அரண்ய பவனுக்கு எழுதுங்கள். டேப் வைத்தபடி எடுத்த போட்டோக்களையும் சான்றிதழ் நகலையும் இணைத்து, அளவு வேறுபாட்டை நீங்களே அந்தக் கடிதத்தில் குறிப்பிட்டுவிடுங்கள். பழுதுபார்க்கும் வேலை அவர்கள் எழுத்தில் பதில் தந்த பிறகு.